மேல்தெருவின் வீட்டுப்பாடம்

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் பேரருவியின் கீழ் நிற்க இடம் கிடைப்பதில்லை. தோளோடு தோள் இடிக்க எல்லோரும் நனைகிறோம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. 1934-இல் நிலைமை வேறு. தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் இங்கு வந்த காந்தியடிகள், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இவ்வருவியில் குளிக்க உரிமையில்லை என்று அறிந்து, தாமும் குளிக்காமலே திரும்பினார்.

"அவர் குளிக்காததால் யாருக்கு என்ன லாபம்?" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். விடையைத் தேடி நாங்கள் வைக்கம் வரை போக வேண்டியதாயிற்று.

1924-இல் திருவிதாங்கூரிலிருந்த வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. அப்போது மேல்சாதியாருக்கென்று தனியே ஒரு வேலை ஏற்பட்டது. உரிமை இழந்தவர்களுக்கு உபதேசம் செய்வதன்று அவ்வேலை. தம் சொந்தச் சாதியாரைத் திருத்துவது. அவ்வாண்டு நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியார் அணி ஒன்று வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தது. தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு மற்றோர் அணியை நடத்தி வந்தார். சுமார் 25,000 மேல்சாதியார் கையொப்பமிட்ட விண்ணப்பம் மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. தெருவில் நடக்கத் தங்களுக்குத் தடையேதும் இல்லாதவர்கள், பிறருக்காக இட்ட கையொப்பங்கள் அவை!

ஆயினும் 1925 பிப்ரவரியில் சட்டசபையில் அத்தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. இன்னும் ஓர் உறுப்பினரின் மனத்தை அவருடைய உறவினர் யாரேனும் மாற்றியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1936 நவம்பர் 12-இல்தான் திருவிதாங்கூர் அரசுக் கோயில்கள் அனைவருக்கும் திறந்தன. நம் செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. சில மைல் தள்ளியிருக்கும் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். இப்பக்கம் ஆலயப் பிரவேசத்துக்கு வழிசெய்யும் சட்டம் வர 1939 ஆயிற்று.

கோயிலைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நம் வீட்டை மறைப்பது நேர்மையாகாது. நம் நெல்லைச் சீமையிலேயே வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872-இல் இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டு, ஒரே பீடத்தின் முன் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்தனர். நடுச்சுவர் 1910-ஐ ஒட்டி இடிக்கப்பட்டது. பழைய ஏற்பாடே வேண்டுமென்று ஒரு சாரார் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். ஒரே நற்கருணையை உண்டவர்கள்தாம் அவர்கள்.

அமெரிக்காவிலும் 1966-இல் கறுப்பின மாணவர் இயக்கத்தார் தங்களுடன் உழைத்த வெள்ளையரிடம், வெள்ளையர் நடுவே போய் வேலை செய்யுங்கள் என்றே கேட்டுக்கொண்டனர். நிறவெறி குடியிருந்தது அங்கேதானே!

இவ்வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. 1932-இல் தோன்றிய அரிஜன சேவா சங்கத்தை மேல்சாதியாரே நடத்தினர். பாவம் செய்தவர்கள் பரிகாரம் செய்யட்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. டாக்டர் அம்பேத்கர் தொடக்கத்தில் அதில் இருந்து, பின் விலகினார். துன்பப்படுவோருக்கு நிர்வாகத்தில் இடமில்லாத சங்கம் அவர்களுக்கு உரிமை வாங்கித் தருமா என்பது அவர் கேள்வி. அவர் பக்கமே நியாயம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. நமக்குள் பேசித் திருந்துவது தேவைதான். ஆனால் என்ன வேண்டுமென்று முடிவு செய்வது நாமல்ல. "அரிஜன்" என்ற பெயரையே அம்மக்கள் பலர் பின்னாளில் வேண்டாமென்றனர்.

இவற்றைப் படித்தபின் எங்களில் ஐந்து பேர் எங்கள் வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டோம். தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "நீ எந்தத் தெரு, தாயி?" என்பதே. ஐந்து வீட்டிலும் அதே கேள்வி! அந்தத் தோழியிடமே போய், "உனக்கு வருத்தமாக இருந்ததா?" என்று கேட்டு அவளை மறுபடியும் நோகச் செய்ய வேண்டாம், வீட்டில் நாமே பேசுவோம் என்று தீர்மானித்தோம். இருவருக்குத் துணிவு வரவில்லை. ஒருத்தியின் அப்பா கோபித்துக்கொண்டு, பிறகு யோசித்தார். மற்றொருத்தியின் ஆச்சி, தோழி குடித்த தம்ளரை இன்னமும் தனியாகத்தான் கழுவி வைக்கிறார்கள். பேத்தி இப்போது தினமும் அந்தத் தம்ளரை எடுத்து அதில்தான் காப்பி குடிக்கிறாள்.