அடியெடுத்துக் கொடுத்தல்

'இன்ஸ்பிரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர், உள்ளே ஊதுதலைக் குறிப்பது. செர்பிய மொழியில் அதற்கு வழங்கும் 'நதஹ்னுச்சே' என்பதிலும் மூச்சே உறைகிறது. தமிழில் மூச்சைக் கொண்டு பெயர்த்தால், படிப்பவர் மூச்சுப்பயிற்சி என்றே எண்ணுவர்!

நமக்கு வேறொரு தொடர் உண்டு. கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், பெரியபுராணம் பாடத் தொடங்கிய சேக்கிழாருக்கு இறைவன் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சைவ மரபு கூறும். கிடைத்தது ஒரு சொல்லே. 4000-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடியவர் புலவர். தூண்டலையும் உழைப்பையும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக்காட்டும் தொடர் அரிது.

எனினும் எல்லா இடத்திற்கும் இது பொருந்தாது. 'அவர் வாழ்க்கை எனக்கு இன்ஸ்பிரேஷன்' என்பதை 'அவர் வாழ்க்கை எனக்கு ஊக்கமளித்தது' எனலாம். கவிதை பிறந்த கதையானால், 'கடலூர்க் கடற்கரை அடியெடுத்துக் கொடுத்தது' என்றே எழுதலாம்.