அவையில் அளவான பேச்சு

பலர் கூடி ஆராய்ந்து முடிவு செய்தல் மக்களாட்சியின் உயிர்நிலையாகும். ஒருவர் அறியாததை மற்றொருவர் அறிந்திருப்பார். அவ்வறிவெல்லாம் ஒன்றுசேர வேண்டும் என்பதற்காகவே அவை கூடுகின்றது. அங்கே ஒருவரே ஓயாது பேசுவாராயின் அப்பயன் கிட்டுமா?

சென்னைக்கு மேற்கே, பட்டாபிராமிற்கும் திருநின்றவூருக்கும் இடையே நெமிலிச்சேரி என்னும் புறநகர் ஊர் உள்ளது. அத்தகைய ஊர் ஒன்றில், தெருவில் மழைநீர் தேங்குவதைக் குறித்து ஆராய மக்கள் கூடுவதாகக் கொள்வோம். நாவன்மை மிக்க ஒருவர் எழுந்து, தெருவை மண்ணிட்டு உயர்த்த வேண்டும் என்று நெடுநேரம் பேசுகின்றார். கேட்டோர் அனைவரும் தலையசைக்கின்றனர். பின்வரிசையில் முதிய உழவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். ஏரிக்குச் சென்ற பழைய நீர்க்கால் எவ்விடத்தில் தூர்ந்தது என்பதை அவர் ஒருவரே அறிவார். அவரை எவரும் வினவவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. தெரு உயர்கின்றது, வீடுகள் தாழ்கின்றன. அடுத்த மழையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுகின்றது.

இஃது ஏன் நேர்ந்தது? மிகுதியாகப் பேசுபவரை மிகுதியாக அறிந்தவர் என எண்ணுவது மக்கள் இயல்பு. மேலும், குழுவில் எல்லாரும் அறிந்த செய்தியே திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றது. ஒருவர் மட்டும் அறிந்த செய்தி வெளிப்படாமலே போய்விடுகின்றது. ஸ்டாசர், டைட்டஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைப் புலப்படுத்தியது.

அவையில் பேசுவதற்கு வரம்பு வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். திருநெல்வேலியை அடுத்த மானூரில் ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச்சபையில் எதனைக் கூறினும் 'அன்று, அன்று' என மறுத்து இடையூறு செய்வோரும், அவர்க்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. ஒரு சிலரின் வாய் ஊரின் முடிவையே தடுத்துவிடும் என்பதை அவர்கள் கண்டறிந்தமைக்கு இவ்விதி சான்றன்றோ?

நிலமுடையோர், மறை கற்றோர் ஆகிய சிலரே அச்சபையில் இடம் பெற்றனர். இன்றோ, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். ஆணும் பெண்ணும், நிலமுடையோரும் கூலியாளரும் அங்கே ஒப்ப அமரலாம். ஆயினும், பொழுது முழுவதையும் இருவர் மூவரே பேசிக் கழிப்பாராயின், சட்டம் தந்த உரிமையை அவர்தம் நா பறித்துக்கொள்கின்றது.

வாய்மூடி இருத்தலே சிறப்பு என்பது இதன் கருத்தன்று. அறிந்ததை உரிய காலத்தில் கூறாதிருத்தலும் குற்றமே. ஆதலின், தலைவர் பேசாதிருப்போரையும் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்டல் வேண்டும். பேச வல்லார் சுருங்கச் சொல்லிப் பிறர்க்கு இடந்தருதல் வேண்டும். கூச்சமுடையார் துணிந்து எழுதல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் பள்ளி மன்றத்திலேயே இப்பழக்கத்தைத் தொடங்குங்கள். ஒருமுறை பேசியபின், இன்னும் பேசாத தோழரை நோக்கி, "உன் கருத்து யாது?" என்று வினவுங்கள். நல்ல முடிவிற்கு வேண்டிய செய்தி அவரிடமே இருத்தல் கூடும்.