பெயர் பொறிக்காத கொல்லர்

பழைய வாளொன்றைக் கண்டால், அதை ஏந்திய மன்னன் யார் என்றே கேட்கிறோம். அடித்த கொல்லன் யார் என்று கேட்பதில்லை. சப்பானியர் இரண்டையும் கேட்டனர். அவர்களுடைய குறுவாளோடு நம் நாட்டு உருக்குத் தொழிலை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்பானியக் குறுவாள்

'வாக்கிசாசி' என்னும் குறுவாளின் அலகு ஏறத்தாழ 30 முதல் 60 செ.மீ. வரை நீளமுடையது. சாமுராய் வீரர் நெடுவாளோடு இதனையும் இடையில் செருகினர். பிடியைக் கழற்றினால் உள்ளே மறைந்துள்ள காம்பு தெரியும். பலவற்றில் கொல்லன் பெயரும், சிலவற்றில் ஊரும் ஆண்டும் அங்கே உளியால் வெட்டப்பட்டிருக்கும். காம்பின் துருவைத் தேய்த்து அகற்றமாட்டார்கள். வாளின் வயதை மதிப்பிட அத்துரு உதவும். 1876இல் சப்பானிய அரசு வாள் அணிவதைத் தடைசெய்தது. வாள் இடையைவிட்டு இறங்கியது. கொல்லன் பெயரோ நிலைத்தது.

நம் நாட்டு உருக்கு

அதே 1876இல் செருமானியரான யாகோர் ஆதிச்சநல்லூரில் தாழிகளை அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தபோது இரும்பு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன.

தென்னாட்டார் உருக்குச் செய்த முறை வியப்பூட்டுவது. இரும்புத் துண்டுகளைச் சிறு மண்மூசையில் இட்டு, காய்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். துருத்தி ஊத ஊத, காற்றுப் புகாத மூசைக்குள் கட்டையின் கரி இரும்பில் ஏறியது. கரி ஏறிய இரும்பு உருகியது; ஆறியதும் உருக்குக் கட்டியாயிற்று. அதில் கரியின் அளவு 1 முதல் 2 விழுக்காடு.

ஐரோப்பியர் இதனை 'ஊட்சு' என்றனர். 1795இல் பியர்சன் இதைப்பற்றி இலண்டன் இராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். 1819இல் மைக்கேல் பாரடே பகுத்தாய்ந்தார். 1830இல் ஹீத் என்பார் நம் புதுவைக்குத் தெற்கேயுள்ள பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அகழ்ந்தவர், ஆய்ந்தவர், ஆலை வைத்தவர் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். மூசையை அடைத்துத் துருத்தி ஊதியவர் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

நம் கடமை

சாரத்தில் என் பாட்டனார் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். அவர் அடித்த அரிவாள்மணையில் இன்றும் என் தாயார் காய் நறுக்குகிறார். அதில் பெயர் இல்லை. அலகு எந்தச் சிவப்புக்கு வந்ததும் தண்ணீரில் தோய்க்கவேண்டும் என்பதை அவர் கண் அறியும், ஏட்டில் எழுதவில்லை. அப்பதத்தை அவரிடம் கற்றவர் என் மாமா ஒருவரே. அவரும் முதுமை எய்திவிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதத் தொடங்கியுள்ளேன். முதல் வரியில் பாட்டனார் பெயரை எழுதினேன். மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்ப் பட்டறைக்கும் ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். செய்முறையைக் கேட்குமுன் செய்பவர் பெயரைக் கேளுங்கள்.