பூல் அளவைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் ஜாவா செயலியில் கூட்டம் கூடும் நேரத்தில் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்ற பிழை வருகிறது. பூல் அளவை 10-இலிருந்து 100 ஆக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஜாவாவில் பூலை நடத்தும் ஹிகாரிசிபி, கனெக்‌ஷன் கேட்கும் த்ரெட்டை இயல்பாக 30 விநாடி காக்கவைத்த பிறகுதான் அந்தப் பிழையை எறிகிறது. கணினிக்கு அது ஒரு யுகம். எடுத்த கனெக்‌ஷன் திரும்பி வரவில்லை, அல்லது தேவைக்கு மேல் பிடித்துவைக்கப்படுகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். க்வெரி ஓடும்போது எக்ஸெப்ஷன் வந்தால், கடைசி வரியில் எழுதிய க்ளோஸ் ஓடாமலே போகும்; 2011-இல் ஜாவா 7 தந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ் இருக்க, இந்தத் தவறு இனி நேரவே கூடாது. ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு பேமென்ட் கேட்வேயின் பதிலுக்குக் காத்திருப்பது இதைவிட மோசம்: டேட்டாபேஸ் சும்மா இருக்கும், கனெக்‌ஷன் மட்டும் சிக்கிக் கிடக்கும். இயல்பில் அணைந்திருக்கும் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டை 10 விநாடிக்கு வையுங்கள். அதற்கு மேல் திரும்பாத கனெக்‌ஷனை எடுத்த இடம் ஸ்டாக் ட்ரேஸோடு லாக்கில் விழும்.

லீக்கே இல்லை, கூட்டம்தான் காரணம் என்பீர்கள். அப்போதும் 100 வேண்டாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸ் ஓட்டுகிறது. 8 கோர் சர்வரில் நூறு க்வெரி ஒரே நேரத்தில் முட்டிமோதினால் எல்லாமே தாமதமாகும். போஸ்ட்கிரெஸ் ஏற்கும் கனெக்‌ஷன்களின் இயல்பான உச்சவரம்பே 100தான். செயலி நான்கு பிரதிகளாக ஓடினால் நீங்கள் 400 கேட்பீர்கள். கோர் எண்ணிக்கையின் இரு மடங்கோடு வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அங்கிருந்து தொடங்கச் சொல்கிறது ஹிகாரியின் ஆவணம். ஒரே வட்டுள்ள அந்த சர்வருக்கு அது 17, அதுவும் நான்கு பிரதிகளுக்கும் சேர்த்து.