தெரிந்த கதையைப் பிரசங்கிப்பது எப்படி?

கடினமான வேதபாகத்தைவிடப் பழகிப்போன வேதபாகம்தான் போதகரைச் சோதிக்கும். லூக்கா 10:25–37, நல்ல சமாரியன் உவமை. ஓய்வுநாள் பள்ளியில் படம் வரைந்து, நாடகம் போட்டு, கன்வென்ஷனிலும் கேட்டுச் சபையாருக்குத் தலைகீழ்ப் பாடம். நீங்கள் வாசித்து முடிக்கும் முன்பே, உதவி செய்யச் சொல்லப்போகிறார் என்று முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். இதையே எடுத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை, விளக்கவுரையைத் தொடாமல் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு முந்தைய அதிகாரம். 9ஆம் அதிகாரத்தில் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கட்டுமா என்கிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே லூக்கா ஒரு சமாரியனை நம்முன் நிறுத்துகிறார்.

அடுத்து, கேட்டது யார், ஏன் கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தனக்குப் பிறன் யார் என்பது நியாயசாஸ்திரியின் கேள்வி. இயேசு அதைத் திருப்பி, அடிபட்டவனுக்குப் பிறனாயிருந்தது யார் என்கிறார். நியாயசாஸ்திரியின் பதிலில் 'சமாரியன்' இல்லை. இரக்கம் செய்தவன் என்று சுற்றி வளைக்கிறார். இங்கே நில்லுங்கள். அடிபட்டவன் சமாரியன், தூக்கிவிட்டவன் யூதன் என்று கதை இருந்திருந்தால், கேட்டவர்கள் தங்களையே மெச்சிக்கொண்டு வீடு போயிருப்பார்கள். நாம் பெரும்பாலும் அப்படித்தான் பிரசங்கிக்கிறோம். நமக்கு எப்போதும் சமாரியன் வேஷம்; வழியோரத்தில் கிடப்பவர் வேறு யாரோ.

இனி, பிரசங்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'பிறருக்கு உதவுங்கள்' என்று வந்தால் கிழித்துப் போடுங்கள். 'நாம் தள்ளிவைத்தவன் கையால் பிழைக்கச் சம்மதிப்போமா?' என்பது தேறும். உங்கள் சேகரத்தில் அது எந்தத் தெரு, எந்தச் சாதி என்பது உங்களுக்கும் தெரியும், சபையாருக்கும் தெரியும். ஆளைச் சுட்டிக் குத்த வேண்டாம். ஆனால் சாதி என்ற சொல்லையே விழுங்கிவிட்டால் பிரசங்கம் அங்கேயே செத்தது.

மோனையோடு மூன்று தலைப்பு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கதை நடக்கும் வரிசை போதும்.

பின்னணிக்கு இரண்டு வரி. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர், எரிகோ கீழே சுமார் 250. நெடுக வறண்ட மலையிறக்கம். சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணம் இரண்டு நாள் கூலி என்பது மத்தேயு 20ஐப் பார்த்தால் புரியும். அதற்கு மேல் பூகோளம் வேண்டாம்.

உதாரணக் கதையில் கவனம். நாற்பது வயதில் அலகை உடைத்து, இறகைப் பிடுங்கிப் புதிதாகும் கழுகு நம் பிரசங்க பீடங்களில் எத்தனை காலமாகப் பறக்கிறது! அப்படி ஒரு கழுகு கிடையாது. அலகு போனால் பட்டினிதான். பத்தாம் வகுப்புப் பையன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உயிர்த்தெழுதலையும் சந்தேகத்தோடுதான் கேட்பான்.

வெள்ளிக்குள் முழுவதையும் பேச்சு நடையில் எழுதிவிடுங்கள். ஆவியானவர் அந்த வேளையில் தருவார் என்பது பெரும்பாலும் சாக்கு. திங்கட்கிழமையும் அவர் தருவார். சனி மாலை வாய்விட்டுச் சொல்லி நேரம் பாருங்கள். 25 நிமிடம் தாண்டினால் முதலில் முன்னுரையை வெட்டுங்கள். 'கடைசியாக' என்று சொன்னால் முடித்துவிடுங்கள். முடிவு ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதே பிரசங்கத்தைக் கர்த்தருக்கு மறுபடி சொல்ல வேண்டாம்.