தகவு குலைந்தால் சாத்தப்படுவது

கேள்வி: ஐயா, எங்கள் வாசகர் வட்டத்தில் பொங்கலுக்குக் குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதும் போட்டி வைக்கலாமென்று இருக்கிறோம். நேரடிக் குறிப்பு கூடாது, சொல்லை வைத்து விளையாட வேண்டும் என்பது ஏற்பாடு. முன்னோட்டமாக நான் இரண்டு எழுதினேன். பால்கோவாவுக்கு: ‘ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் இனிப்பு (4)’. கோபுரத்துக்கு: ‘அரசனோடு நகரம் சேர உயர்ந்து நிற்கும் (4)’. முதலாவது வெறும் பொது அறிவுக் கேள்வி என்கிறார்கள் நண்பர்கள். இரண்டாவதில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. எதை வைத்து மதிப்பெண் போடுவது?
- வாசகர், வ. புதுப்பட்டி

பதில்: நண்பர்கள் சொன்னது சரிதான். பால்கோவா பற்றி ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள், புதிர் போடவில்லை. போதாததற்கு விடையிலுள்ள ‘பால்’ குறிப்பிலேயே வந்துவிட்டது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: பால், கோ, வா. பால் குறளின் பிரிவும்கூட. கோ என்றால் மன்னன். ‘குறளின் பிரிவைச் சொல்லி மன்னனை அழைக்க ஓர் இனிப்பு (4)’ என்று எழுதினால், படிப்பவர் மனம் அரசவைக்குப் போய்விடும். கடைசி இரண்டு சொற்கள்தான் விடையின் பொருள். முன்னால் உள்ளவை விடையைக் கட்டும் வழி. சும்மா நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

கோபுரத்தில் நீங்கள் கிட்டத்தட்ட வென்றுவிட்டீர்கள். கோ, புரம் என்ற பிரிப்பு அழகு. ‘ஓடு’ என்ற உருபும் இரண்டையும் சேர் என்று வேலை சொல்கிறது. இடிப்பது கடைசிச் சொல். விடை பெயர்ச்சொல், ‘நிற்கும்’ வினை. ‘உயர்ந்து நிற்பது’ என்று மாற்றுங்கள், தீர்ந்தது. வினையின் காலமும் இப்படிப் பொருந்த வேண்டும். உங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியையே எடுத்துக்கொள்வோம். ‘பாவை பாடியவள் அரியணையில் இருந்தாள் (4)’. விடை ஆண்டாள். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டும் பொருந்துகின்றன. ‘இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தால் காலம் மாறி, குறிப்பே பொய்யாகியிருக்கும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் பத்திரிகைகள் பெரும் பரிசு அறிவித்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தின. பல கட்டங்களில் இரண்டு சொற்கள் ஒரே அளவுக்குப் பொருந்தும். எது சரி என்பது நடத்துபவர் உறையிலிட்டு மூடிவைத்த விடையைப் பொறுத்தது. அது சூதாட்டம். 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்து, மாதத்துக்கு மொத்தம் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளைத் தடை செய்தது. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில், இந்தச் சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டிகளுக்குத்தான், திறமையைச் சோதிப்பவற்றுக்கு அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அந்த வேறுபாடுதான் நல்ல குறிப்பின் அடிப்படை. விடை கிடைத்ததும், ‘இதுதான், வேறில்லை’ என்று விடுவிப்பவருக்கே தெரிய வேண்டும். மறுவார விடைப் பட்டியலைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டுமென்றால் அந்தக் குறிப்பு தோற்றது.

குறிப்பு எழுதும் போட்டிக்கு நல்ல முன்மாதிரி லண்டன் ‘அப்சர்வர்’ பத்திரிகை. ஸிமனீஸ் என்ற புனைபெயரில் மெக்நட் என்ற பள்ளி ஆசிரியர் 1939 முதல் அதில் புதிர் அமைத்தார். 1972-இல் அவர் இடத்துக்கு வந்தவரின் புனைபெயர் அஸெட். அவர்களது போட்டியில் எல்லாருக்கும் ஒரே சொல். அதற்கு யார் சிறந்த குறிப்பு எழுதுகிறார் என்பதுதான் பந்தயம். நீங்களும் அப்படியே வையுங்கள். பால்கோவாவையே கொடுக்கலாம். ஒருவர் கோவாவைக் கடற்கரை மாநிலமாகப் பார்ப்பார். இன்னொருவர் பாலை ஆணா பெண்ணா என்ற கேள்வியாக்குவார். ஒப்பிடும்போதுதான் தரம் தெரியும்.

ஆனால் ஆங்கில உத்தி எல்லாம் நமக்கு ஒத்துவராது. எழுத்துகளைக் கலைத்து வேறு சொல்லாக்குவது அங்கே சுலபம். நம் கட்டத்தில் ‘கோ’, ‘வா’ என முழு எழுத்தே உட்காருகிறது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. கலைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமே தேறாது. அதனாலேயே தேறும் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ‘தகவு குலைந்தால் சாத்தப்படுவது (3)’: த, க, வு குலைந்து கதவு. மேலோட்டமாகப் படித்தாலும் ஊர் நியாயம் பேசுவது போலிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வகை இது. பிரிப்பதும் சிலேடையும் நமக்குத் தாராளம். காளமேகம் பிறந்த மொழியில் அதற்கா பஞ்சம்? ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகள் கிடைத்தால் வட்டத்தில் எல்லாரும் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். ஒவ்வொருவரும் குறிப்பின் கீழே விளக்கத்தையும் எழுதித் தர வேண்டும் என்று விதி வையுங்கள். விளக்கத்தில் இடம் பெறாத சொல் குறிப்பில் இருந்தால் மதிப்பெண் குறையுங்கள். பொருளும் பிரிப்பும் சரியாக இருந்தால் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, வாக்கியம் இயல்பாக வாசிக்க வருகிறதா என்பதற்கு. நடுவர்களில் ஒருவராவது விடை தெரியாமல் குறிப்பைப் போட்டுப் பார்க்கட்டும். எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால், அவருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லைச் சொல்லாதீர்கள். அவர் கையில் முதலில் போய்ச் சேரும் குறிப்பே உங்கள் போட்டியின் தரத்தைச் சொல்லிவிடும்.