பியூஸ் போனால் கம்பியைத் தடிமன் ஆக்காதீங்க!



சென்ற மாதம் ஜீயபுரம் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இட்லி மாவு அரைத்து விற்கும் குழு. வங்கிக் கடன் எடுத்து பத்து லிட்டர் கிரைண்டர் வாங்கி, ஊக்குநர் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறார்கள். விடிகாலையில் பாக்கெட் போட்டு ஸ்ரீரங்கம் வரைக்கும் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். தவணை ஒருமுறை கூடத் தவறியதில்லை.

திண்ணையில் உட்கார்ந்து சேமிப்பு வசூல் நடந்துகொண்டிருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம். மருமகள் இண்டக்ஷன் அடுப்பில் எங்களுக்கு டீ வைத்தாள். திடீரென்று 'டப்' என்றது. ஃபேன் நின்றது, கிரைண்டர் நின்றது. "மூணு நாளா இதே ரோதனை மேடம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுந்து போய் பியூஸ் கட்டையை உருவினார். அலமாரியில் சுருட்டி வைத்திருந்த செம்புக் கம்பியை எடுத்து மூன்றாக மடித்து முறுக்கினார். "ஒத்தைக் கம்பி போட்டாத்தானே போவுது? இனிமே இடி விழுந்தாலும் போவாது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, கட்டையை மாட்டாதீங்க" என்றேன். அன்றைக்குக் கூட்டத்தில் பேச வேண்டிய கடன் விண்ணப்பம் தள்ளிப்போய், இரண்டு மணி நேரம் கரண்ட் பற்றியே பேசினோம். அதைத்தான் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.

பியூஸ் எதற்கு இருக்கிறது?

நம் உய்யக்கொண்டான் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் அகலத்துக்கு ஏற்பத்தான் தண்ணீர் விட முடியும். அதற்கு மேல் விட்டால் எங்கே கரை பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு வயலுக்குள் போகும். சுவருக்குள் போகிற வயரும் அப்படித்தான். அதன் தடிமனுக்கு ஏற்ற கரண்ட்தான் அதில் ஓடலாம். கூடுதலாக ஓடினால் வயர் சூடாகும். கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை பொதுவாக 70 டிகிரி சூடு வரைக்கும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதைத் தாண்டித் தாண்டிப் போனால் உறை காய்ந்து, வெடித்து, ஒருநாள் உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும். 'ஷார்ட் சர்க்யூட்' என்று பேப்பரில் போடுகிறார்களே, அது பல நேரம் இப்படி மாதக்கணக்கில் ஓவர்லோடு ஆகி வருவதுதான். எலி கடித்தாலும் வரும், தண்ணீர் இறங்கினாலும் வரும், அது வேறு.

சுவருக்குள் வயர் உருகுவதற்கு முன்னால் தான் உருகிக்கொள்ளத்தான் பியூஸ் கம்பி இருக்கிறது. அது மெல்லிசாக இருப்பதே அதற்காகத்தான். அக்கா மூன்றாக முறுக்கிப் போட்டாரே, அந்தக் கம்பி இனி உருகாது, உண்மைதான். அடுத்து உருகப்போவது எது? சுவருக்குள் இருக்கும் வயர்! அதற்குப் பக்கத்தில்தான் மாவு பாக்கெட் கவர் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

புது வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதிலாக எம்.சி.பி. இருக்கும். நம் ஊரில் ட்ரிப்பர் என்போம். அது அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் மாட்டச் சொல்கிறவர்களும் உண்டு. வயரை மாற்றாமல் ட்ரிப்பரை மட்டும் பெரிதாக்குவதும், பியூஸில் கம்பியை முறுக்குவதும் ஒன்றுதான்.

2004 ஜனவரி 23

அந்தக் குழுவில் வயதில் மூத்த அம்மா ஒருவர், "கல்யாண வீட்ல பத்திக்கிச்சே, அது மாதிரியா பாப்பா?" என்று கேட்டார். திண்ணையே அமைதியாகிவிட்டது.

சின்ன வயதுச் சகோதரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2004 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் பத்மபிரியா திருமண மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வீடியோ எடுப்பதற்காக இழுத்திருந்த ஒயரில் மின்கசிவு ஏற்பட்டு, மேலே இருந்த கீற்றுக் கொட்டகையில் தீ பிடித்தது. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் பலர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ரொம்ப நாளைக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா என்னை வாசல் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்.

அந்தத் தீ ஓவர்லோடால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விசாரணையில் பேசப்பட்டது அந்த வீடியோ ஒயரில் ஏற்பட்ட கோளாறு. ஆனால் நம் கூட்டமைப்பில் கல்யாணச் சமையல் ஆர்டர் எடுக்கும் குழுக்கள் இருக்கின்றன. ஒரே பிளக்கில் கிரைண்டர், காபி பாய்லர், ஃபோகஸ் லைட் என்று தொங்கவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீற்று, துணி, பிளாஸ்டிக் பூ இவற்றை ஒட்டி ஒயர் போகக் கூடாது. ஆர்டர் பேசும்போதே மண்டபத்துக்காரரிடம் "சமையல்கட்டுல எத்தனை 15 ஆம்பியர் பிளக் இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ட்ரிப்பர் இருக்கா?" என்று கேளுங்கள். சம்பளம் பேசுவது போல இதையும் பேசுங்கள். வெளியே போக இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு போடுவோம்

வட்டிக் கணக்கு போடத் தெரிந்த நமக்கு இது சுலபம். ஒவ்வொரு சாமானின் அடியிலோ முதுகிலோ ஒரு சின்ன வில்லை ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 230 என்பது நம் வீட்டுக்கு வரும் வோல்டேஜ்.

அன்றைக்கு நோட்டில் எழுதிப் பார்த்தோம். கிரைண்டர் மோட்டார் 1 ஹெச்.பி. அது 746 வாட்ஸ் வேலை செய்யும், ஆனால் அந்த வேலையைச் செய்ய சுமார் 1000 வாட்ஸ் இழுக்கும். இண்டக்ஷன் அடுப்பு 2000. மிக்ஸி 750. ஃபிரிட்ஜ் ஓடும்போது 200 என்று வைத்தோம். பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வீதம் நான்குக்கு 300. விளக்கு, டி.வி. எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 4350 வாட்ஸ். 230 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 ஆம்பியர். அந்த வீட்டின் பியூஸ் 15 ஆம்பியர்! "அப்ப பியூஸ் மேல தப்பில்லையா?" என்றார் அக்கா. பாவம், மூன்று நாளாக அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் ஓடத் தொடங்கும் அந்த ஒரு நொடியில், வழக்கமாக இழுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். கல்லில் உளுந்தும் அரிசியும் நிரப்பிவிட்டு சுவிட்சைப் போட்டால் இன்னும் கஷ்டம், அந்த இழுப்பு நீண்டுகொண்டே போகும். ஆகவே கிரைண்டரை முதலில் வெறுமனே ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்து, பல்பு மங்கலாக எரிகிற நேரத்தில் மோட்டார் ஓட்ட வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். காயில் எரிந்தால் கிரைண்டர் நின்றுபோகும், தவணை நிற்காது.

சரி, 19 ஆம்பியரை எப்படிக் குறைப்பது? எதையும் விற்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டாமல் இருந்தால் போதும். இண்டக்ஷனை நிறுத்தினால் 2350 வாட்ஸ், அதாவது சுமார் 10 ஆம்பியர். மிக்ஸியையும் கிரைண்டர் முடிந்த பிறகு போட்டால் 7 ஆம்பியர். கிரைண்டர் ஓடும் வேளையில் இண்டக்ஷன், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு மூன்றும் கிடையாது என்று தாழ்வாரச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள். சூடு பண்ணுகிற சாமான்கள்தான் கரண்ட்டை அதிகம் குடிக்கிறவை, அதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மருமகள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை! காலை நேரத்தில் இண்டக்ஷன் கிடையாது என்றால் அவளுக்குத்தானே சிரமம்? விடிகாலை அரைப்பை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள், சமையல் நேரம் அவளுக்கே விடப்பட்டது. இதுபோன்ற முடிவு எடுக்கும்போது வீட்டில் அடுப்படியில் நிற்பவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பிளக் விஷயத்தில் ஒன்று. சின்ன பிளக் 5 அல்லது 6 ஆம்பியர், சுமார் 1000 வாட்ஸ் வரைக்கும் போதும். பெரிய பிளக் 15 அல்லது 16 ஆம்பியர், 3000 வாட்ஸ் வரைக்கும். பெரிய பிளக் சாமானை கன்வெர்ட்டர் வைத்துச் சின்ன பிளக்கில் செருகக் கூடாது. கடையில் வாங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஓட்டை இருந்தாலும் அதன் ஒயர் ஒன்றுதான். அது பெரும்பாலும் 6 ஆம்பியர்தான் தாங்கும். ஓர் அயர்ன் பாக்ஸ் போட்டாலே அதில் முக்கால் பங்கு முடிந்துவிடும். தையல் யூனிட் வைத்திருக்கும் குழுக்கள் கவனிக்கவும்.

ஜெனரேட்டர், இன்வெர்ட்டருக்கும் இதே கணக்குதான். 2012, 2013 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. 800 வி.ஏ. என்று போட்டிருந்தால் 800 வாட்ஸ் போடலாம் என்று அர்த்தமில்லை, 600 வாட்ஸ்தான் கணக்கு. ஃபேனுக்கும் விளக்குக்கும் சரி, மிக்ஸிக்கு ஆகாது.

யார் செலவு?

வயரிங்கை மாற்றலாம் என்றதும்தான் உண்மையான சண்டை ஆரம்பித்தது. அந்த வீட்டு வயரிங் ஒரு டியூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட பழைய வயரிங். இப்படித்தான் நம் ஊர்களில் பல வீடுகள். 2011-ல் தொடங்கி அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, இண்டக்ஷன் வந்தது. சாமான் கூடியது, சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் மாறவில்லை.

"கிரைண்டர் குழுவோடது, வீடு அக்காவோடது. வயருக்கு நாம ஏன் கொடுக்கணும்?" என்று ஒரு சகோதரி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அக்கா முகம் வாடிவிட்டது, இத்தனை நாள் தாழ்வாரத்துக்கு வாடகை வாங்காதவர் அவர். கடைசியில் கிரைண்டருக்கு மட்டும் மீட்டர் பலகையிலிருந்து தனி லைன், தனி ட்ரிப்பர், எர்த், ஆர்.சி.சி.பி. இதற்கு ஆகும் செலவு குழு லாபத்திலிருந்து, வீட்டுக்குள் இருக்கும் மற்ற வயரிங் அக்கா பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்து ஆளைத் தாக்கும்போது உடனே நிறுத்துகிற கருவி. ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறவர்களுக்கு அது மிகவும் தேவை. ட்ரிப்பர் இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியும் என்பதெல்லாம் வேண்டாம்.

வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்துவது பற்றியும் பேச்சு வந்தது. சலுகை போய்விடுமே என்று பயந்து பலர் சொல்வதில்லை. ஆனால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி, ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அந்தக் காலத்துக்கு இரண்டு மடங்குக் கட்டணம் போடலாம். ஒப்புக்கொண்ட மின்பளுவைத் தாண்டினாலும் பிரச்சினைதான். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் நம் சாமான்களின் வாட்ஸ் பட்டியலோடு போய்க் கேட்டு, பளுவைக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். பளுவைச் சொன்னால்தான் தெரு டிரான்ஸ்பார்மருக்கு எவ்வளவு வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும். எல்லோரும் மறைத்தால் டிரான்ஸ்பார்மர் ஓவர்லோடு ஆகி, தெரு முழுக்க இருட்டு.

பிளக் தொட்டால் சூடாக இருக்கிறதா, சுவிட்ச் போர்டு பழுப்பேறியிருக்கிறதா, பிளாஸ்டிக் கருகிய வாசம் வருகிறதா, உடனே மெயினை நிறுத்துங்கள். தீ பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மெயின், பிறகு மணல். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் கையால் தொடாமல் மெயினை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். தீயணைப்புக்கு 101, மின்தடை மற்றும் புகாருக்கு மின்னகம் 94987 94987.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாமான்களின் வாட்ஸை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். வில்லை அழிந்துபோயிருந்தால் சாமான் பெயரையும் கம்பெனியையும் மட்டும் எழுதுங்கள், சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஜீயபுரம் அக்கா போன வாரம் போன் செய்திருந்தார். தனி லைன் போட்டாயிற்றாம், அதற்கு முன்னால் மூன்று நாள் கூட்டித்தான் அரைக்க முடிந்ததாம், ஒரு கடைக்காரர் கோபித்துக்கொண்டாராம். "அந்த முறுக்கின கம்பிய என்ன பண்றது பாப்பா?" என்றார். துணி காயப்போடும் கொடிக்குக்கூட ஆகாது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றேன்.